நோய் வருவதற்கு 6 ஆண்டு முன்பே துப்பு கொடுத்த ரத்தம்!
சிப்பாய்கள் ரத்தத்தில் சிக்கிய தடயம்

ஓடி ஆடி வேலை பார்த்துக் கொண்டிருந்த சிப்பாய்கள் அவர்கள். நோய் என்று வெளியே எதுவும் தெரியவில்லை. ஆனால் உள்ளுக்குள் நரம்பு அரித்துக் கொண்டு இருந்தது. அந்த ரகசியம் அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

அமெரிக்க ராணுவத்தில் நடந்த சங்கதி இது.

அங்கே ராணுவத்தில் சேருகிறவர்களுக்கு எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகும் அவ்வப்போது சோதனை உண்டு. மிஞ்சும் ரத்த நீரை கீழே கொட்டுவது இல்லை. மேரிலாண்ட் மாநிலத்தில் உள்ள சில்வர் ஸ்பிரிங்கில் உறைய வைத்து விடுகிறார்கள். இப்படி 6 கோடிக்கும் அதிகமான குப்பிகள் சேர்ந்து விட்டன.

சும்மா கிடந்த இந்தக் குப்பிகளைத்தான் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் அல்பெர்டோ அஷெரியோ குழுவினர் கேட்டு வாங்கினார்கள்.

வேலியே பயிரை மேய்ந்தது

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். கிருமியை விரட்ட வேண்டிய உடம்பின் காவல் படையே நரம்பின் மேலுறையைக் கடித்துக் குதறும். கரண்டு வயரின் ரப்பர் உறை கிழிந்த மாதிரிதான். கண் மங்கும். கால் மரத்துப் போகும். நடை தள்ளாடும். 20 முதல் 40 வயதுக்குள்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. பெண்களுக்கு அதிகம்.

நரம்பு சிதையும்போது அதில் இருந்து "நியூரோபிலமென்ட் லைட்" என்ற புரதம் ரத்தத்தில் கசிகிறது. அளவு ரொம்ப கொஞ்சம். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காகப் போட்டால் அதில் ஒரு சில பங்குதான்! அதையும் அளக்க இப்போது கருவி வந்து விட்டது.

பின்னால் இந்த நோய் கண்ட 60 சிப்பாய்களின் பழைய குப்பிகளை எடுத்துப் பார்த்தார்கள். நோய் தலைகாட்டுவதற்கு சுமார் 6 ஆண்டுக்கு முன்பே புரதம் ஏறி இருந்தது! 2020-ம் ஆண்டு இந்த ஆய்வு வெளியானது.

உள்ளே நுழைந்தது யார்?

அடுத்த துப்பு 2022-ம் ஆண்டு ஜனவரியில் கிடைத்தது. 1 கோடிக்கும் அதிகமான சிப்பாய்களில் 955 பேருக்கு இந்த நோய் வந்து இருந்தது. ஆய்வுக்குப் போதுமான ரத்தம் கிடைத்தது 801 பேருக்கு. அவர்களில் ஒரே ஒருவர் தவிர அத்தனை பேர் உடம்பிலும் நோய்க்கு முன்பே "எப்ஸ்டைன்-பார்" வைரஸ் புகுந்து இருந்தது. வைரஸ் புகுந்த பிறகு நோய் வரும் ஆபத்து 32 மடங்கு ஆகிறது. புரதம் ஏறியதும் வைரஸ் நுழைந்த பிறகுதான். ஆள் நுழைந்த நேரமும் களவு போன நேரமும் ஒத்துப் போகிறது அல்லவா?

அதற்காக பயந்து விட வேண்டாம். எச்சில் மூலம் பரவும் இந்த வைரஸ், பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் உண்டு. அவர்களில் மிக மிகச் சிலருக்கே இந்த நோய் வருகிறது.

புரதத்தை மட்டும் பார்த்தும் தீர்ப்பு எழுத முடியாது. வயசானாலும் அது ஏறும். தலையில் அடிபட்டாலும் ஏறும். வேறு நரம்பு வியாதிகளிலும் ஏறும். ஆகவே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீரையும் பார்த்துத்தான் டாக்டர்கள் நோயை உறுதி செய்கிறார்கள்.

ஏற்கனவே நோயில் விழுந்தவர்களுக்கு இது உபயோகப்படுகிறது. மருந்து வேலை செய்தால் புரதம் இறங்கும். மறுபடி ஏறினால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே புகைகிறது என்று சந்தேகிக்கலாம். போன நரம்பை மருந்து திருப்பித் தராது. ஆனால் சீக்கிரம் ஆரம்பித்தால் தாக்குதல் குறையும்.

2024-ம் ஆண்டு கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் அதே கிடங்கில் இருந்து 250 நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். சுமார் 10-ல் ஒருவருக்கு நோய் தெரியும் முன்பே ரத்தத்தில் ஒரே மாதிரியான எதிர்ப்புப் பொருள் அடையாளம் இருந்தது. மற்ற 9 பேரின் குப்பிகளில் அது இல்லை.