வலைத்தளத்திலும் வாசலிலேயே சோதனை வேண்டும்



நம்மில் பலரும் இன்று கடைக்கென்று ஒரு வலைத்தளம் வைத்திருக்கிறோம். அரிசி, பருப்பு, எண்ணெய் விலைப்பட்டியல் அதில் போகிறது. வெளியூர் ஆர்டரும் வருகிறது. ஆனால் பார்வையற்றவரும், கண் மங்கிய பெரியவரும், கை நடுக்கம் உள்ளவரும் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்று நாம் பார்ப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். முதுமையால் பார்வை குறைந்தவர் பலர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நமது ஓரிக்கையில் ஜரிகை இழை பார்த்தே கண் தளர்ந்த நெசவாளர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. இவர்கள் எல்லோரும் நமது வாடிக்கையாளர்களே.

எப்படிப் படிக்கிறார்கள்?

பார்வையற்றவரின் கணிப்பொறியிலும் செல்போனிலும் திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் அதன் பெயர் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கணிப்பொறிக்கு என்.வி.டி.ஏ. என்பது இலவசமாகவே கிடைக்கிறது. இவை எழுத்தைப் படிக்கும். படத்தைக் கண்டால், அதனுடன் விளக்கம் எழுதப்பட்டிருந்தால் அதைப் படிக்கும். இல்லையேல் பெரும்பாலும் "படம்" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடும்.

நாமோ விலைப்பட்டியலை அப்படியே போட்டோ எடுத்து ஏற்றுகிறோம். பொன்னி என்ன விலை, துவரை என்ன விலை என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. இன்னொன்று, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பட்டியல். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல். மென்பொருள் அதைத்தான் உளறும். மூன்றாவது, மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து. கண் மங்கியவருக்கு அது வெற்றுப் பலகைதான்.

இது நமது ஊர்க் குறை மட்டுமல்ல. உலகில் அதிகம் பார்க்கப்படும் 10 லட்சம் தளங்களின் முகப்பை அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் சோதிக்கிறது. 2025ல் நூற்றுக்குச் சுமார் 95 தளங்களில் குறை இருந்தது. அதிகம் காணப்பட்ட குறை மங்கலான எழுத்து. அடுத்தது விளக்கமில்லாத படம்.

சோதனையை எங்கே வைப்பது?

மூட்டை வண்டியிலிருந்து இறங்கும்போதே குத்திச் சாம்பிள் பார்ப்பது நமது வழக்கம். கிடங்கில் அடுக்கிய பிறகு பார்த்தால் கூலியும் நஷ்டம், பெயரும் நஷ்டம். வலைத்தளத்துக்கும் இதே கணக்குதான்.

புரோகிராம் தெரியாத கடைப் பையனே விலை மாற்றவும் படம் ஏற்றவும் உதவும் மென்பொருளைச் சி.எம்.எஸ். என்பார்கள். வேர்ட்பிரஸ், துருப்பல் ஆகியவை இவ்வகை. பையன் படத்தை ஏற்றும்போதே "விளக்கம் எழுதவில்லை" என்று அது தடுத்துவிட்டால், பிற்பாடு 500 சரக்குகளின் படத்தைத் தேடித் திருத்தும் வேலை மிச்சம். துருப்பலில் படத்துக்கு விளக்கம் கேட்பது இயல்பாகவே அமைந்திருக்கிறது. எழுத்து நிறமும் பின்னணி நிறமும் ஒத்துப்போகாவிட்டால் வேர்ட்பிரஸ் எச்சரிக்கிறது. தளம் தயாரிக்கும் கருவியே தயாரிப்பவருக்கு இவ்வாறு உதவ வேண்டும் என்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2015லேயே நெறிமுறை வெளியிட்டுள்ளது.

நமது காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகத்தின் தளத்தைப் பாருங்கள். தேசிய தகவலியல் மையம் அமைத்த எஸ்-3-வாஸ் என்ற பொது அமைப்பில் அது இயங்குகிறது. எழுத்தைப் பெரிதாக்கவும் நிற வேறுபாட்டைக் கூட்டவும் அதில் வசதி உண்டு. அமைப்பில் ஒருமுறை செய்த ஏற்பாடு, அதைப் பயன்படுத்தும் எல்லாத் தளங்களுக்கும் கிடைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, சேவை அளிப்போர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் விதிகளின்படி நடக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், மறுமுறை 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம். இத்தகைய விதிகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ல் தீர்ப்பளித்தது. இணைய வழிச் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30ல் அதே நீதிமன்றம் கூறியது.

தளம் அமைப்பவரிடம் கேட்க வேண்டியவை

1. விளக்கமில்லாத படத்தை ஏற்றினால் தடுக்குமா?
2. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவுக்குக் குறைந்தால் எச்சரிக்குமா?
3. விலைப்பட்டியலைப் படமாக அல்லாமல் யூனிகோடு எழுத்தில் அட்டவணையாகப் போட வழி உண்டா?
4. மவுஸ் இல்லாமல் விசைப்பலகையைக் கொண்டே ஆர்டர் முடிக்கலாமா?

இவற்றை வாய்ப்பேச்சோடு விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது. "ஒரு பொத்தானைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்பவரை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசின் வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2025ல் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

ஒன்றை மறக்கலாகாது. விளக்கம் இருக்கிறதா என்றுதான் இயந்திரம் பார்க்கும். அது சரியா என்று பார்க்காது. துவரம்பருப்புப் படத்துக்கு "படம் 1" என்று எழுதினாலும் பாஸ் போட்டுவிடும். "துவரம்பருப்பு, 50 கிலோ மூட்டை" என்று எழுதுவது நம் கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. ஆகவே கடையில் யாராவது ஒருவர் மாதம் ஒருமுறை டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு நமது தளத்தில் ஒரு கிலோ பருப்பு வாங்கிப் பார்க்கட்டும். அவருக்கு எங்கே தடை வருகிறதோ, அங்கேதான் நமது வாடிக்கையாளரும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறார்.