வால்வின் குரல் கணினிக்கு வருமா?

ஆலங்காயத்தை அடுத்த காவலூர் வானாய்வகத்தில் 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதற்கு முன்பே அந்த விண்மீனின் ஒளி மங்கியதைக் கண்டது ஒளிமானி. அதன் உயிர், வெற்றிடக் குழாய் இனத்தைச் சேர்ந்த ஒளிப்பெருக்கி. அதே இனத்து வால்வுகள்தான் அன்றைய திருவிழாக்களின் குழாய் ஸ்பீக்கர்களை அலறவைத்தன. அந்த ஒலியைக் கணினிச் சமன்பாடு கொண்டுவருமா? பெரும்பகுதி வரும் என்பதே என் கட்சி. வால்வுக்குள், சூடான கேத்தோடிலிருந்து பிளேட்டுக்குப் பாயும் எலக்ட்ரான்களை நடுவிலுள்ள கிரிட் கட்டுப்படுத்துகிறது. மின்னோட்டம் மின்னழுத்தத்தின் ஒன்றரை அடுக்கில் உயரும் என்கிறது நூறாண்டுப் பழைய சைல்டு-லாங்முயர் விதி. ஆனால் கிரிட் பாய்ச்சலை ஏறக்குறைய அடைக்கும் இடத்தில் நிஜ வால்வு விதியை விட்டு மெல்ல வளைகிறது. அந்த வளைவையும் பிடிக்கும் சமன்பாட்டை 1996இல் நார்மன் கோரென் தந்தார். பெர்க்லியில் பிறந்த ஸ்பைஸ் மென்பொருளில் அதை இட்டால், 300 வோல்ட்டைத் தொடாமலே சுற்றைச் சோதிக்கலாம்.

எண்ணுக்குள் இசை அடங்காது என்பார்கள். காதை எட்டுவது காற்றழுத்த மாற்றம். அதை அளக்க முடியும். வலுவான மறுப்பு வேறு: இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகளே ஒத்திருப்பதில்லை, பழசாகும்போது எலக்ட்ரான் உமிழ்வும் குறைகிறது. உண்மைதான். ஆனால் அது சமன்பாட்டின் குறையல்ல, நாம் ஊட்டிய அளவுகளின் குறை. தயாரிப்பாளர் அச்சிட்ட சராசரியைக் கொடுத்தால் சராசரி வால்வுதான் பாடும். கையிலிருப்பதை அளந்து கொடுத்தால் அதுவே பாடும். வால்வை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் மட்டும் எதிர்த்தரப்புக்கே வெற்றி: அதன் இரும்பு, முந்தைய காந்தத்தின் மிச்சத்தைச் சுமப்பதால், எளிய மாதிரிகள் அங்கே தடுமாறுகின்றன.