முழங்காலிட்டுக் கற்பதும் மிதந்து கற்பதும்

வெள்ளிக்கிழமை இரவு சிங்கப்பூரிலிருந்து ஜோகூர் வழியாக மெர்சிங்குக்குப் போகும் ஸ்கூபா பயணிகளில் பலர் முதல் சான்றிதழுக்காகக் கிளம்பியவர்கள். வகுப்பும் நீச்சல்குளப் பயிற்சியும் ஊரிலேயே முடிந்திருக்கும். சனி, ஞாயிறில் தியோமான் கடலில் நான்கு முறை இறங்கி ஏறினால் பாடம் முடிந்தது. திங்கட்கிழமை காலை தேக்காவில் வேலைக்குப் புறப்படுகிறவர், பயிற்றுநர் துணையில்லாமல், ஒரு கூட்டாளியோடு 18 மீட்டர் வரை இறங்கத் தகுதி பெற்றவர்.

விதிகளில் தளர்ச்சி இல்லை. பெரிய பயிற்சி அமைப்பான ‘பாடி’, ஒரு திறனை மாணவர் ஒருமுறை செய்துகாட்டினால் போதும் என்று சொல்வதில்லை. பதறாமல், தடுமாறாமல், திரும்பத் திரும்பச் செய்ய வர வேண்டும் என்கிறது. அந்த ‘திரும்பத் திரும்ப’வுக்குத்தான் இரண்டு நாள் பயணத்தில் நேரம் போதுவதில்லை.

முகமூடிக்குள் நீர் புகுவதை எடுத்துக்கொள்வோம். மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையை நிமிர்த்தி, மூக்கால் மெல்ல ஊதினால் நீர் கீழ்வழியே வெளியேறிவிடும். குளத்தின் தரையில் முழங்காலிட்டிருக்கும்போது இது சுலபம். நடுநீரில் மிதக்கும்போது, நிறைய மூச்சை இழுத்தால் உடல் மேலே எழும்பும். முழுக்க விட்டுவிட்டால் கீழே இறங்கும். கண்ணும் தெரியாத அந்த நொடியில் மூச்சையும் மிதப்பையும் சேர்த்து ஆள்வதுதான் திறன். 2014இல் பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது மிதப்புக் கட்டுப்பாட்டுக்குக் கூடுதல் அழுத்தம் கொடுத்தது இதனால்தான். இன்னும் முழங்காலில் நிறுத்தியே கற்பிப்பவர்கள் மாணவருக்குப் பாதிப் பாடத்தைத்தான் தருகிறார்கள்.

மீதிப் பாதியைச் சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவுக் கடல் கேட்டு வாங்கிவிடும். அங்கே பல நாள் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. துடுப்பு தரையைத் தொட்டால் வண்டல் கிளம்பி கூட்டாளியே மறைந்துபோவார். சிங்கப்பூர்க் கடலில் சுமார் 250 வன்பவள இனங்கள் வாழ்கின்றன. தடுமாறும் கால்களுக்கு முதல் பலி அவைதான். சிஸ்டர்ஸ் தீவுகளில் 2015இல் முக்குளிப்புப் பாதை திறந்தபோது, மேல்நிலைச் சான்றிதழும் குறைந்தது 20 முக்குளிப்பு அனுபவமும் கேட்டார்கள். சரியான கண்டிப்பு.

2022 ஏப்ரல் 6 அன்று மெர்சிங் அருகே தொக்கோங் சங்கோலில் ஒரு பயிற்றுநரும் மூன்று மாணவர்களும் பயிற்சி முடித்து மேலே வந்தபோது படகைக் காணவில்லை. பயிற்றுநர் மறுநாள் மீட்கப்பட்டார். மாணவர்களில் இருவர் 9ஆம் தேதிதான் கிடைத்தார்கள். 14 வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை. மாணவர்கள்மீது பழி சொல்ல அங்கே இடமில்லை. ஆனால் காற்றடைத்து மேலே அனுப்பும் அடையாள மிதவையைப் பாடத்தில் ஏன் சேர்த்தார்கள் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதையும் ஒரே முறை ஊதிக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவுவது நியாயமில்லை.

எனவே பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை உண்டு. கடலில் ஒரு பயிற்றுநரிடம் எத்தனை பேர்? உதவியாளர் இல்லாவிட்டால் எட்டுதான் உச்சவரம்பு. கலங்கிய நீரில் அதுவே அதிகம். ஒரு திறன் கைவரவில்லையென்றால் இன்னொரு நாள் பயிற்சி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் பள்ளியில் சேரலாம்.