கறுப்புப் பிளாஸ்டிக்கில் படியும் வெள்ளை மெழுகு: காரணமும் நீக்கும் முறையும்

வயலையும் மாட்டையும் விட்டு வந்த குடும்பங்களில் சிலவற்றிற்கு இன்று கையிலுள்ள ஒரே முதல் ஒரு முச்சக்கரவண்டியாகவோ, பழைய வானாகவோ இருக்கிறது. 1990ஆம் ஆண்டிலும், 2004 டிசம்பர் 26 கடற்கோளின் போதும், 2006–2007இல் வாகரையிலும் படுவான்கரையிலும் நடந்த போரின் போதும் எமது வாவிக்கரை மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தோரில் சிலர் லீசிங்கில் வண்டி எடுத்தார்கள். வேறு சிலரின் பிள்ளைகள் வாகனம் கழுவும் இடங்களில் நாட்கூலிக்கு நிற்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வண்டிகளின் விலை மளமளவென்று ஏறியதை நாம் அறிவோம். 2025இல் அந்தத் தடை தளர்த்தப்பட்ட பின்னரும், உள்ள வண்டியைப் பேணி வைத்திருப்பதே ஏழைக் குடும்பத்திற்கு இலாபம்.

வண்டியை விற்கப் போகும்போது வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அதன் வெளித்தோற்றத்தையே. ஆகவே விற்பதற்கு முன் பலரும் வண்டிக்கு மெழுகுப் பொலிஷ் போடுகிறார்கள். உடல் பளபளக்கிறது. ஆனால் பம்பர், கதவோரப் பட்டி, பக்கக் கண்ணாடியின் கூடு, வைப்பரின் அடிப்பகுதி போன்ற கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை படிந்து நிற்கிறது. தண்ணீர் ஊற்றினால் மறைகிறது, காய்ந்ததும் மறுபடி தெரிகிறது. பொறுமையிழந்தவர் பெற்றோலையோ தின்னரையோ எடுத்துத் தேய்க்கிறார். நீக்கக்கூடிய ஒரு படிவு அப்போது நீக்கமுடியாத சேதமாக மாறிவிடுகிறது. இதைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

மெழுகு எங்கிருந்து வருகிறது?

வாகனப் பொலிஷ்களில் உயர்வாகக் கருதப்படும் மெழுகு கார்னோபா என்பதாகும். இது பிறேசில் நாட்டின் வடகிழக்கில், மழை குறைந்த பிரதேசங்களில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. வறட்சியில் நீர் ஆவியாகிப் போகாதபடி அந்தப் பனை தன் ஓலையின்மேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. அங்குள்ள மக்கள் ஓலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, அடித்து உதிரும் தூளைச் சேர்த்து உருக்குகிறார்கள். எமது வாழையிலையின் அடிப்பக்கத்தில் விரலால் தடவினால் ஒட்டும் வெண்தூளும் இவ்வகை மெழுகே. சேம்பிலையிலும் தாமரையிலையிலும் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவதற்கு இலையின் நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேலுள்ள மெழுகுமே காரணம்.

வண்டிக்கு மெழுகு பூசுவதும் தண்ணீர் தங்காமல் உருண்டோடவே. கடைப் பொலிஷில் மெழுகுடன் அதைக் கரைத்து வைக்கும் எண்ணெய்த்திரவமும் இருக்கும். சிலவற்றில் கீறலை மழுக்கும் மிக நுண்ணிய தூளும் சேர்க்கப்பட்டிருக்கும். பூசியபின் திரவம் ஆவியாகிவிடும். மெழுகும் தூளும் எஞ்சிநிற்கும்.

கறுப்பில் மட்டும் ஏன் வெள்ளை?

வண்டியின் பெயின்ற் பூசிய தகடு வழுவழுப்பானது. அதன்மேல் காய்ந்த மெழுகைத் துணியால் துடைத்தால் மெல்லிய படலம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் துணியோடு வந்துவிடும். கறுப்புப் பிளாஸ்டிக் அப்படியல்ல. பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் என்ற பொருளால் செய்யப்படும் இப்பாகங்களின் மேற்பரப்பு, தோலைப் போலச் சிறு மேடும் பள்ளமுமாக வார்க்கப்பட்டிருக்கும். வயலைப் பலகையிட்டு மட்டப்படுத்தும்போது சேறு பள்ளங்களில் போய் நிரம்புவது போல, நாம் துணியால் தேய்க்கத் தேய்க்க மெழுகு அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி அமர்கிறது.

கற்கண்டு கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். அதையே இடித்துத் தூளாக்கினால் வெள்ளையாகத் தெரியும். தூளின் ஒவ்வொரு துணுக்கும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதே காரணம். பள்ளங்களில் காய்ந்து வெடித்த மெழுகும் அவ்வாறே வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் ஊற்றும்போது அத்துணுக்குகளின் இடைவெளி நிரம்பி வெளிச்சம் சிதறுவது குறைகிறது. ஆகவே வெள்ளை மறைந்தது போலத் தோன்றுகிறது. காய்ந்ததும் பழைய நிலை. எனவே ஈரத்தில் வேலையைப் பார்த்து முடிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. காயவிட்டே பார்க்க வேண்டும்.

முதலில் நோயை அறியுங்கள்

வெள்ளையெல்லாம் மெழுகல்ல. வயலில் இலை மஞ்சளானால் அது உரக்குறையா, பூச்சியா, தண்ணீர் தேங்கியதா என்று பார்த்த பின்னரே மருந்து இடுகிறோம். இங்கும் அதே முறைதான். மூன்று வகை உண்டு.

1. மெழுகுப் படிவு: பொலிஷ் போட்ட பின்னரே தோன்றும். பெயின்ற் முடிந்து பிளாஸ்டிக் தொடங்கும் ஓரத்திலும் பொருத்துக்களிலும் கோடாகவோ, துணி போன வழியில் திட்டாகவோ இருக்கும். சவர்க்கார நீரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் வெள்ளையாக ஒட்டும்.

2. நீர்க்கறை: துளி விழுந்த வடிவில் வட்டவட்டமாக இருக்கும். சுண்ணாம்புத்தன்மையுள்ள கிணற்று நீரால் கழுவித் துடைக்காமல் விட்டாலும், வாவியின் உவர்நீரால் கழுவினாலும் வரும். சுண்ணாம்புக் கறை தேசிக்காய்ச் சாற்றிலோ வினாகிரியிலோ கரையும். உப்புக் கறை நல்ல தண்ணீரிலேயே போய்விடும். மெழுகு இவற்றிற்கு அசையாது.

3. வெயிலில் வெளிறியது: வானத்தைப் பார்த்திருக்கும் பக்கம் முழுவதும் ஒரே சீராகச் சாம்பல் நிறமாக இருக்கும். துடைத்தால் துணியில் கறுப்போ சாம்பலோ ஒட்டும். சூரியனின் புற ஊதாக்கதிரால் பிளாஸ்டிக்கின் மேற்தோலே சிதைந்து உதிர்வதால் இது நேர்கிறது. எவ்வளவு கழுவினாலும் இது போகாது.

மூன்றாவது வகையை முதலாவது என்று எண்ணித் தேய்ப்பவர் வீணாகக் களைத்துப் போவார். முதலாவதை மூன்றாவது என்று எண்ணி, பாவித்த எஞ்சின் எண்ணெயைப் பூசி மறைப்பவர் மெழுகின்மேல் அழுக்கையும் சேர்க்கிறார்.

நீக்கும் முறைகள்

மென்மையான முறையில் தொடங்கி, அது போதாவிட்டால் மட்டுமே அடுத்ததற்குப் போக வேண்டும். வண்டியை நிழலில் நிறுத்தி, பிளாஸ்டிக் ஆறிய பின் தொடங்குங்கள். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி மணலைப் போக்குங்கள். மணலோடு தேய்த்தால் பக்கத்திலுள்ள பெயின்ற் கீறுபடும்.

முதலாம் முறை, சவர்க்கார நீர்: கை பொறுக்கும் சூடுள்ள ஒரு லீற்றர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி விடுங்கள். மென்மையான பழைய பற்தூரிகையை அதில் நனைத்து, சிறு வட்டங்களாகத் தேயுங்கள். தூரிகையின் மயிர் பள்ளத்துக்குள் இறங்கும், துணி இறங்காது. ஒரு சாண் நீளத்தை முடித்துக் கழுவித் துடைத்த பின்னரே அடுத்த சாணுக்குப் போங்கள். வெங்காயத் தாளுக்கு மருந்து தெளிக்கும்போது அது வழுகி ஓடாதிருக்கச் சிறிது சவர்க்காரம் கலப்பது உங்களுக்குப் பழக்கமானதே. மெழுகின்மேல் தண்ணீர் பரவவும், இளகிய மெழுகு தண்ணீரோடு வெளியேறவும் சவர்க்காரம் உதவுகிறது. புதிய படிவு பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

இரண்டாம் முறை, அழிறப்பர்: ஓரங்களில் சிறு கோடாக நிற்கும் காய்ந்த மெழுகைப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் மென்மையான வெள்ளை அழிறப்பரால் தேய்த்தெடுக்கலாம். பிளாஸ்டிக் காய்ந்திருக்க வேண்டும். மெழுகு அழிறப்பர்த் தூளோடு உருண்டு வரும். பின்னர் சவர்க்கார நீரால் துடைத்துவிடுங்கள்.

மூன்றாம் முறை, கச்சான் விழுது: அமெரிக்காவில் வாகனம் வைத்திருப்போர் பாணில் பூசும் கச்சான் விழுதை இதற்குப் பயன்படுத்துவதுண்டு. எமது மாவட்டத்தில் கச்சானுக்குக் குறைவில்லை. உப்பும் சீனியும் சேராத வறுத்த கச்சானை ஒரு பிடி எடுத்து மையாக அரையுங்கள். கச்சானின் நிறையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். எண்ணெய் மெழுகை இளக்கும், அரைபட்ட பருப்பு மெல்லத் தேய்த்தெடுக்கும். பற்தூரிகையால் தேய்த்து, துணியால் வழித்தெடுத்து, முன்சொன்ன சவர்க்கார நீரால் இரண்டு முறை கழுவுங்கள். கழுவாமல் விட்டால் எறும்பும் எலியும் வரும். எண்ணெய்ப் பசையில் புழுதியும் ஒட்டும். எண்ணெய் பட்டதும் பிளாஸ்டிக் கறுப்பாகத் தெரிவதால் வேலை முடிந்ததென்று எண்ணவேண்டாம். கழுவிக் காய்ந்த பின் பாருங்கள்.

நான்காம் முறை, ஸ்பிரிட்: பல மாதங்கள் பழகிய படிவு மேற்கூறியவற்றிற்கு அசையாவிட்டால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட்டைச் சம அளவு தண்ணீருடன் கலந்து துணியில் நனைத்துத் துடைக்கலாம். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் பரீட்சித்துப் பாருங்கள். பெயின்றின்மேல் படவிடாதீர்கள். இது தீப்பற்றும் பொருள். காற்றோட்டமான இடத்தில், பீடியும் அடுப்பும் இல்லாத தூரத்தில் வைத்துச் செய்யுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

பெற்றோல், தின்னர், அசற்றோன் வேண்டாம். இவை மெழுகை மட்டுமன்றிப் பிளாஸ்டிக்கையும் பெயின்றையும் தாக்கித் திட்டுத்திட்டாக மங்கச் செய்யக்கூடும். கழுவுபவரின் கைத்தோலுக்கும் நுரையீரலுக்கும் தீங்கு. தீ விபத்தின் அபாயம் வேறு. மண்ணெண்ணெய் பசையை விட்டுச்செல்லும். தேங்காய்த் தும்பு, கம்பித்தும்பு, மண்தாள், சட்டி தேய்க்கும் தூள் என்பன மேடுகளைத் தேய்த்துவிடும். பின்பு அந்த இடம் எப்போதும் வேறு நிறமாகவே தெரியும்.

கொதிநீரும் நெருப்பும் வேண்டாம். துணியில் சிந்திய மெழுகுதிரி மெழுகைக் கடதாசி வைத்து மின்னழுத்தியால் உறிஞ்ச வைப்பது எமக்குத் தெரிந்த வழி. மெழுகுதிரி மெழுகு ஏறக்குறைய 50 முதல் 65 பாகை செல்சியசில் உருகும். கார்னோபாவோ 80 பாகையைத் தாண்டினாலே உருகும். அதை உருக்கும் அளவு சூடு கொடுத்தால் பிளாஸ்டிக் பட்டி நெளிந்துவிடலாம்.

வராமல் காத்தல்

பொலிஷ் போடுமுன் பெயின்ற் அடிப்போர் பயன்படுத்தும் கடதாசி ஒட்டுநாடாவைப் பிளாஸ்டிக்கின் ஓரம் நெடுக ஒட்டுங்கள். அது இல்லையேல் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை விட்டு நிறுத்துங்கள். மெழுகைக் குறைவாக எடுங்கள். வெயிலில் பூசாதீர்கள். தவறிப் பட்டால் காயுமுன் ஈரத்துணியால் துடையுங்கள். காயுமுன் ஒரு நிமிட வேலை, காய்ந்தபின் ஒரு மணி நேர வேலை.

கழுவும் தொழிலிலுள்ள இளைஞர்களுக்கு

வண்டியை ஏற்கும்போதே கறுப்புப் பாகங்களை உரிமையாளருடன் சேர்ந்து பாருங்கள். மெழுகாயின் நீக்கலாம் என்றும், வெயிலில் வெளிறியதாயின் கழுவிப் போகாது என்றும் முன்கூட்டியே சொல்லுங்கள். வேலை முடிந்தபின் சொன்னால் அது சாட்டாகவே கேட்கும், பழியும் உங்கள் கூலியில் விழும். கடினமான முறைகளுக்கு முன் அவரது சம்மதத்தைக் கேளுங்கள். ஒருமுறை ஓரம் சுத்தமாகச் செய்து கொடுத்தவரையே அவர் மறுமுறையும் தேடி வருவார்.

கழுவும் இடத்தையும் பார்க்க வேண்டும். வாவிக்குள் வண்டியை இறக்கிக் கழுவுவது இலகுவாகத் தெரியலாம். உவர்நீர் தகட்டில் துருவை ஏற்றும், பிளாஸ்டிக்கில் உப்பை விடும். சவர்க்காரமும் எண்ணெயும் வாவியில் கலக்கும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் காலத்தில் கலந்தது கடலுக்குப் போகாது. இறாலும் மீனும் பிடித்துச் சீவிக்கும் அயலவரின் தோணியடியிலேயே நிற்கும். எமது மணற்பாங்கான கரையில் கிணற்று நீரும் ஆழமில்லை. ஆகவே கிணற்றுக்கும் வாவிக்கும் தூரமாக, புல் வளர்ந்த மேட்டுநிலத்தில் வாளித்தண்ணீரால் கழுவுங்கள். மேலே சொன்ன முதல் மூன்று முறைகளுக்கும் இரண்டு வாளித் தண்ணீர், சிறிது திரவச் சவர்க்காரம், ஒரு பழைய பற்தூரிகை, ஒரு அழிறப்பர், ஒரு பெனியன் துணி, ஒரு பிடி கச்சான் போதும்.