மலையூருக்குப் பூ அனுப்புவது

1950களில் சிகாகோவில் வேலை பார்க்கும் மகன், கொலராடோ மலையில் லெட்வில் ஊரிலிருக்கும் தாய்க்குப் பூங்கொத்து அனுப்ப விரும்பினால், தன் தெருவிலுள்ள பூக்கடைக்குத்தான் போவான். பணத்தை அங்கேயே கட்டிவிடலாம். கடைக்காரர் உறுப்பினர் பட்டியலைப் புரட்டி, அந்த மலைப்பக்கத்துக் கடை ஒன்றுக்குத் தந்தியோ தொலைபேசியோ செய்வார். அந்தக் கடை தன்னிடமுள்ள பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கும். அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் 1910இல் கூடித் தொடங்கிய எஃப்.டி.டி. அமைப்பின் ஏற்பாடு இது. ஆர்டர் பிடித்த கடைக்கு ஐந்தில் ஒரு பங்கு கமிஷன்.

அன்று கட்டிய பூவும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் விளைந்ததுதான். பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் குளிர் என்ற மலையடிவார வானிலையில் கார்னேஷன் தண்டு தடித்து நிமிர்ந்து வளரும். டென்வரைச் சுற்றிலும் கண்ணாடிக் குடில்கள் இருந்தன. அங்கிருந்து பூ நாடு முழுவதும் போயிற்று.

அந்தத் தொழிலின் சரிவுக்கு வித்திட்ட ஆய்வு கொலராடோவிலேயே எழுதப்பட்டது என்பது எனக்கு இன்றும் வியப்புத் தரும் செய்தி. 1967இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர் டேவிட் சீவர், உலகச் சந்தைக்குப் பூ வளர்க்கத் தோதான இடம் எது என்று ஆராய்ந்தார். விடையாகக் கிடைத்தது கொலம்பியாவின் பொகோட்டா சமவெளி. 2,600 மீட்டர் உயரம், ஆண்டு முழுவதும் ஒரே சீரான பகல், குறைந்த கூலி. இரண்டே ஆண்டில் அவரும் கூட்டாளிகளும் அங்கே பண்ணை போட்டார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியில் கொலராடோவில் குடிலைச் சூடாக்கும் செலவு எகிறியது. 1991இல் கோகா பயிருக்கு மாற்றுத் தொழில் வளர வேண்டும் என்று அமெரிக்கா ஆண்டிஸ் நாட்டுப் பூக்களுக்கு இறக்குமதி வரியை நீக்கியது. டென்வர்க் குடில்கள் அநேகமாக மறைந்துபோயின.

இன்று பொகோட்டாவில் வெட்டிய பூ மயாமிக்கு விமானத்தில் வந்து இறங்கி, குளிர்பதன லாரியில் ஏறி, பத்தாயிரம் அடிக்கு மேலிருக்கும் லெட்வில்லுக்கு வருகிறது. இதில் எனக்குக் குறை இல்லை. பூ நன்றாகத்தான் இருக்கிறது. வருத்தமெல்லாம் ஆர்டர் போகும் வழியைப் பற்றியது. ஊர்ப்பெயரோடு 'பூக்கடை' என்று இணையத்தில் தேடினால், உள்ளூர்க் கடை போலவே பெயர் வைத்துக்கொண்டு எங்கோ இருந்து ஆர்டர் பிடிக்கும் நிறுவனங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. கட்டணமும் கமிஷனும் கழித்துக் குறைந்த தொகையையே கடைக்கு அனுப்புகின்றன. அந்தப் பணத்துக்குப் படத்தில் காட்டிய கொத்தைக் கட்ட முடியாது. கெட்ட பெயர் கட்டியவருக்கு. இப்படி ஊர்ப்பெயரைப் பொய்யாகச் சொல்லிக்கொள்வதை அமெரிக்காவில் பல மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுத்திருக்கின்றன.

மலையூருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கொலராடோ மலையில் பல ஊர்களில் தபால் வீட்டுக்கு வராது. தபால் நிலையப் பெட்டி எண்தான் முகவரி. இணையப் படிவமோ தெருவும் கதவு எண்ணும் கேட்கும். உள்ளூர்க் கடைக்காரருக்குப் பெயரைச் சொன்னாலே போதும். பனி மூடிய நாளில் எந்தப் பக்கமாக வண்டியை ஏற்றுவது என்பதுவரை தெரியும். கடும் குளிரில் வண்டியிலிருந்து வாசல் போவதற்குள் இதழ் கருகிவிடும் என்பதால் கொத்தை முழுக்கத் தாள் சுற்றிக் கொண்டுபோவார்.

ஆகவே அந்த ஊர்க் கடையின் சொந்தத் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து நேரடியாகப் பேசுங்கள். எந்தக் காரியத்துக்கு, யாருக்கு, எவ்வளவு தொகைக்கு என்று மட்டும் சொல்லுங்கள். ரோஜாதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம்; அந்த வார லாரியில் எது நன்றாக வந்திருக்கிறதோ அதைக் கட்டச் சொல்லுங்கள்.