லீஸ் முடிந்த மோட்டார் வண்டி

"லீஸ்" என்ற சொல்லுக்கு வட சென்னையில் வெகு காலமாக ஓர் அர்த்தம் உண்டு. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் ஒருவர் லீஸுக்கு வீடு எடுத்தார் என்றால், வீட்டுக்காரரிடம் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் கொடுத்த தொகையைத் திரும்பப் பெற்று வெளியேறுவார் என்று பொருள். போக்கியம் என்று பெரியவர்கள் சொல்வதும் இதையே. இன்னொரு வழியும் நமக்குப் பழக்கமானதே. வீட்டு வசதி வாரியத்தின் தவணை முறையில் கடைசித் தவணையைக் கட்டியவருக்கு விற்பனைப் பத்திரம் கைக்கு வரும். முன்னதில் பணம் திரும்புகிறது. பின்னதில் வீடு சேர்கிறது.

மோட்டார் வண்டியின் லீஸில் பணமும் திரும்புவதில்லை, வண்டியும் தானே சேர்வதில்லை. மாதந்தோறும் கட்டியது வெறும் வாடகை. இந்த வித்தியாசத்தை முதல் நாளிலேயே தெரிந்துகொண்ட குடும்பங்கள் மிகச் சில என்பது நமது அபிப்பிராயம்.

எம்.கே.பி. நகரில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு அண்மையில் இந்தப் பிரச்னை வந்தது. (மகாகவி பாரதியின் பெயரை இப்படி மூன்று எழுத்தாகக் குறுக்கிவிட்டோம், விரித்து எழுதச் சொன்னால் நம் வகுப்பிலேயே சில பிள்ளைகள் விழிக்கிறார்கள்.) மகன் ஒரு கம்பெனியில் உத்தியோகஸ்தர். நான்கு வருஷங்களுக்கு முன் கம்பெனித் திட்டத்தில் லீஸ் வண்டி எடுத்தார். வயோதிகத் தந்தையை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதும் அந்த வண்டியில்தான். லீஸ் முடியப் போகிறது. வண்டியைத் திருப்பித் தருகிறீர்களா, இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறீர்களா, லீஸை நீட்டிக்கிறீர்களா என்று கடிதம் வந்தது. "நான்கு வருஷம் பணம் கட்டியிருக்கிறோமே, விட்டுவிடுவதா?" என்று அந்த வீட்டு அம்மாள் கேட்டார். நியாயமான ஆற்றாமைதான், ஆனால் கணக்கில் அதற்கு இடமில்லை. கட்டிய வாடகை, ஓடிய ஓட்டத்துக்குச் சரியாகிவிட்டது. வாங்கினாலும் அது திரும்பாது, விட்டாலும் திரும்பாது.

தவணையில் வண்டி வாங்குவதில் நம் ஊர் பழுத்த அனுபவம் உடையது. சுந்தரம் பைனான்ஸ் 1954-இல் தோன்றியது இங்கேதான். நாட்டின் முதல் லீஸிங் கம்பெனியும் 1973-இல் சென்னையிலேயே பிறந்தது. வண்டி கட்டும் தொழிலும் வடக்கே எண்ணூரை ஒட்டியே வளர்ந்தது. 1948-இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், லாரிகளுக்குப் பெயர் பெறுமுன் ஆஸ்டின் கார்களைப் பூட்டி அனுப்பிற்று. ஆயினும், லீஸ் வண்டி யாருடையது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், லீஸ் ஒப்பந்தத்தின்படி வண்டியை வைத்திருப்பவரையே "உரிமையாளர்" என்கிறது. அது அந்தச் சட்டத்தின் காரியங்களுக்கு மட்டுமே என்றும், தேய்மானக் கழிவு கோரும் உரிமை லீஸ் கொடுத்த கம்பெனிக்கே என்றும் 2013-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, சாலையில் நாம் உரிமையாளர். கணக்குப் புத்தகத்தில் கம்பெனி உரிமையாளர். கடிதம் வரும் நாளில் இந்த இரண்டாவது உண்மைதான் பேசுகிறது.

இனி விலைக்கு வருவோம். கம்பெனி கேட்கும் விலை இன்று வண்டியைப் பார்த்துச் சொன்ன விலையாக இராது. பெரும்பாலும் லீஸ் தொடங்கிய நாளிலேயே, இத்தனை வருஷங்களுக்குப் பின் இவ்வண்டி இவ்வளவு பெறும் என்று ஊகித்து எழுதியது அது. ஜோசியம் பலிக்கவும் செய்யும், பொய்க்கவும் செய்யும். 2021-இல் உலகெங்கும் மின்னணுச் சில்லுகளுக்குப் பஞ்சம் வந்து புது வண்டிகள் அரிதானபோது பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. அமெரிக்காவில் லீஸ் முடிந்த வண்டியை ஒப்பந்த விலைக்கு எடுத்தவர்கள் லாபம் அடைந்தார்கள். நம் நாட்டில் 2025 செப்டம்பர் 22 முதல் காற்று எதிர்ப் பக்கம் வீசிற்று. சிறிய கார்களுக்கு அதுவரை மேல்வரியுடன் 29 முதல் 31 சதவீதம் வரை இருந்த ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டியின் விலை இறங்கினால் பழையதும் இறங்கத்தானே வேண்டும்? அதற்கு முன் எழுதிய ஒப்பந்த விலைக்கு இந்தச் செய்தி தெரியாது.

ஆகையால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. அதே வருஷத்து, அதே மாதிரி வண்டி, ஏறக்குறைய அதே ஓட்டத்துடன் இன்று சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரிக்க வேண்டும். நம் நண்பர் விசாரித்தார். கம்பெனி கேட்டது 4,00,000 ரூபாய். சந்தை விலை 3,70,000 என்று தெரிந்தது. விட்டுவிடலாமென்று தோன்றும். ஆனால் திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு செலவு உண்டு. ஒப்பந்தம் அனுமதித்த ஓட்டத்துக்கு மேல் ஓடியிருந்தால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றும், கீறலுக்கும் நசுங்கலுக்கும் இவ்வளவு என்றும் கம்பெனி வசூலிக்கும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நான்கு வருஷம் ஓடிய வண்டியில் கீறல் இல்லாமல் இருக்குமா? அந்த வகையில் 25,000 ரூபாய் ஆகுமென்று மதிப்பிட்டார்கள். வாங்கிக்கொண்டால் அச்செலவு இல்லை. ஆகவே மெய்யான வித்தியாசம் 5,000 ரூபாய்தான்.

அந்த ஐயாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது? ஜார்ஜ் அகர்லாப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 2001-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டியையும் சந்தேகித்தே விலை சொல்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். லீஸ் வண்டியில் இந்நிலை தலைகீழாகிறது. வண்டியின் ஜாதகம் முழுவதும் வாங்குபவர் கையில் இருக்கிறது. விற்கும் கம்பெனிக்கோ காகிதத்தில் உள்ளது மட்டுமே தெரியும்.

வட சென்னையில் இந்த ஜாதகத்தின் முக்கியமான பக்கம் வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வியாசர்பாடிப் பக்கத்தில் தண்ணீர் நின்றதை மறந்தவர் யார்? கணேசபுரம் சுரங்கப்பாதை நிறைவதற்குப் பெருமழைகூட வேண்டியதில்லை. நீரில் நின்ற வண்டி வெளியே பளபளப்பாக இருக்கும். இருக்கை வாரைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். இருக்கைக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளம் துருவேறியிருக்கும். தரை விரிப்பின் கீழ் வண்டல் ஒளிந்திருக்கும். மின்கம்பி இணைப்புகளில் பாசி பிடித்துவிட்டால் எந்த மாதத்தில் எந்தப் பழுது வருமென்று புதுப்பேட்டை மெக்கானிக்கும் சொல்ல மாட்டார். அப்படி நின்ற வண்டியானால், ஒப்பந்த விலை சந்தை விலையைவிடக் குறைவாகவே இருந்தாலும், நாம் அதைத் தொட மாட்டோம்.

நண்பரின் வண்டி அந்த நாட்களில் வேறோர் உறவினர் வீட்டில் மேட்டு நிலத்தில் நின்றிருந்தது. சர்வீஸ் ரசீதுகள் அனைத்தும் இருந்தன. அவர் வாங்கினார். வாங்குமுன் விலையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று எழுதியும் கேட்டார், கம்பெனி மறுத்துவிட்டது. கேட்டதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஒப்பந்தத்தில் "வாங்கும் உரிமை" என்று எழுதியிராத லீஸ்களும் உண்டு. அங்கே கம்பெனி மனம் வைத்தால்தான் விற்கும். ஆகையால் கடைசி வாரம் வரை காத்திராமல் முன்பே எழுதிக் கேட்பது உசிதம். சொல்லப்பட்ட விலையில் ஜி.எஸ்.டி. அடங்கியுள்ளதா என்பதையும் கேட்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து, பதிவு பெற்ற வியாபாரி பழைய வண்டி விற்றால் தமக்குக் கிட்டிய லாபப் பகுதிக்கு மட்டும் 18 சதவீத வரி.

வண்டி வேலை கொடுத்த கம்பெனிக்கே சொந்தமாக இருந்து, அதனிடமே வாங்குவதானால் வருமான வரியும் குறுக்கிடும். 1962-ஆம் வருஷத்து விதிகள் வகுத்த கணக்குப்படி, ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் எஞ்சிய மதிப்பில் 20 சதவீதம் கழியும். 10,00,000 ரூபாய் வண்டி மூன்று வருஷத்தில் 5,12,000 ஆகும். அதை 3,00,000-க்குக் கொடுத்தால், மீதி 2,12,000 ரூபாய் சம்பளமாகவே கருதப்படும். சலுகை விலை என்று மகிழ்ந்தவர் வரி கட்டும் மாதத்தில் திகைப்பார். தமக்கு எந்த விதி பொருந்தும் என்று சம்பளப் பிரிவில் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

பணம் கொடுத்த பின் பதிவுப் புத்தகத்தில் பெயர் மாற்ற வேண்டும். கம்பெனி 29-ஆம் படிவத்திலும், வாங்குபவர் 30-ஆம் படிவத்திலும் கையெழுத்திட்டுப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். லீஸ் குறிப்பு ஏறியிருந்தால் அதையும் நீக்கச் செய்ய வேண்டும். இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பாலிஸி கம்பெனியின் பெயரில் இருந்திருந்தால், விபத்தின்றி ஓட்டியதற்காகச் சேர்ந்த போனஸ் தள்ளுபடி பெரும்பாலும் அந்தக் கம்பெனியையே சேரும். நான்கு வருஷம் ஜாக்கிரதையாக ஓட்டியவர் நம் நண்பர். முதல் பிரீமியத்தை முழுதாகக் கட்டியவரும் அவரே.