மழலையின் இதயம் தடித்தால்...

பால் குடிக்கும்போதே பச்சிளங்குழந்தை வியர்த்து மூச்சுவாங்குகிறதா? கைகால்கள் துவண்டு, எடை ஏறாதிருக்கிறதா? "வளர்ந்தால் சரியாகும்" என்று காத்திராதீர், பெற்றோரே! அரிதாக அது போம்பே நோயாகவும் இருக்கலாம்.

1932-ஆம் ஆண்டில், பெருத்த இதயத்துடன் இறந்த 7 மாதக் குழந்தையை ஆராய்ந்து இந்நோயை விவரித்தவர் டச்சு மருத்துவர் போம்பே. நாத்சிகளை எதிர்த்த அவர் 1945-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையைச் சிதைக்கும் நொதி ஒன்று குறைவதால், அது தசைகளில் தேங்கி இதயத்தைத் தடிக்கச் செய்கிறது. சிகிச்சையின்றேல் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மரணம். 2006 முதல் அந்நொதியையே 2 வாரங்களுக்கு ஒருமுறை இரத்தக்குழாய் வழியே செலுத்துகின்றனர். இது நோயை முற்றும் நீக்காது. எனினும் விரைவில் தொடங்கினால் இதயத்தின் தடிப்புத் தணிந்து, ஆயுள் நீளக்கூடும்.

பெற்றோர் இருவரும் அறியாமலே சுமக்கும் மரபுக்குறையால் வருவது இந்நோய். எவருடைய பாவத்திற்கும் தண்டனை அன்று. ஆகவே தாயைப் பழியாதீர், மருத்துவரிடம் விரைவீர்.